குறுகாத நீர்

மார்ட்டின் ஸீமாஸ்டர் விமானம் இன்று உலகில் ஒன்றுகூட முழுதாக இல்லை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள ஒரு விமான அருங்காட்சியகத்தில் அதன் வால்பகுதிகளும் இறக்கை நுனி மிதவைகளும் மிஞ்சியிருக்கின்றன. மற்றதெல்லாம் பழைய உலோகமாக உடைபட்டுப் போனது. நான்கு ஜெட் எஞ்சின்கள், 40 மீட்டரைத் தாண்டிய நீளம், 31 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இறக்கை விரிவு, எரிபொருளும் சுமையும் ஏற்றினால் 70 டன்னுக்கு மேல் எடை. இத்தனையோடு ஓடுபாதையே இல்லாமல் தண்ணீரிலிருந்து எழுந்த விமானம் அது. 1955 ஜூலை 14 அன்று முதன்முறை பறந்தது. 1959 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படை திட்டத்தையே கைவிட்டது. அது நீரைக் கிழித்துக்கொண்டு எழுவதை இன்று நேரில் காண வேண்டுமென்றால் ஒரே வழிதான்: யாராவது அதைச் சிறியதாகக் கட்டி, ரேடியோவால் பறக்கவிட வேண்டும்.

அப்படிக் கட்டுகிறவர்கள் உண்டு, ஆனால் மிகக் குறைவு. தரையிலிருந்து எழும் மாதிரி ஜெட் விமானங்கள் ஆயிரக்கணக்கில் பறக்கின்றன. ப்ரொப்பெல்லர் வைத்த மாதிரிக் கடல்விமானங்களுக்கும் பஞ்சமில்லை. ஜெட்டும் நீரும் சேரும் இடத்தில்தான் ஆட்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இயற்பியல். விமானத்தை நாம் சுருக்கிவிடலாம். அது மிதக்கும் நீரைச் சுருக்க முடியாது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு சிக்கலைப் பற்றித்தான்.

நீரில் ஓடும் ஒன்றைச் சிறிதாக்கினால் என்ன ஆகும் என்று முதலில் ஒழுங்காகக் கேட்டவர் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1860-களில் அவர் இரண்டு வடிவக் கப்பல் மாதிரிகளைச் செய்தார். ஒன்றின் பெயர் அன்னம், மற்றொன்று காக்கை. ஒவ்வொன்றையும் 3, 6, 12 அடி என மூன்று அளவுகளில் கட்டி, டார்ட் ஆற்றில் நீராவிப் படகால் இழுத்து, எவ்வளவு தடை வருகிறது என்று அளந்தார். பிறகு 1872-ல் டார்க்கீ ஊரில், பிரிட்டிஷ் கடற்படையின் பணத்தில், மாதிரிகளை இழுத்துப் பார்ப்பதற்கென்றே நீண்ட நீர்த்தொட்டி ஒன்றைக் கட்டினார். அவர் கண்டுபிடித்த விதியைச் சொல்வது எளிது. கப்பல் எழுப்பும் அலைகளின் வேகம் அவற்றின் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே மாதிரி 16 மடங்கு சிறியது என்றால் அதை 4 மடங்கு மெதுவாக ஓட்ட வேண்டும். அப்போது அதைச் சுற்றி எழும் அலைகள் பெரிய கப்பலின் அலைகளைப் போலவே, அதே வடிவத்தில், 16-ல் ஒரு பங்கு உயரத்தில் நிற்கும்.

கடல்விமானக் கட்டுநர்கள் இந்த விதியை வைத்தே வளர்ந்தார்கள். மார்ட்டின் நிறுவனம் 1937-ல் ஒரு பறக்கும் படகை எட்டில் மூன்று பங்கு அளவில் கட்டி, உள்ளே ஆளை உட்காரவைத்தே பறக்கவிட்டது. 1940-களில் சான் டியேகோவில் கான்வேர் நிறுவனத்தின் ஏர்னஸ்ட் ஸ்டவுட் ரேடியோவால் இயங்கும் மாதிரிகளை வைத்தே புதிய படகு வடிவங்களைச் சோதித்தார். நம் காலத்துப் பொழுதுபோக்கு மாதிரி, பொம்மை உலகத்திலிருந்து வந்ததல்ல. ஆய்வுக்கூடத்தின் நேர் வாரிசு. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏரிக்கரையில் ரேடியோப் பெட்டியோடு நிற்பவர், ஸ்டவுட் கேட்ட அதே கேள்விகளைத்தான் நீரிடம் கேட்கிறார்.

ஸீமாஸ்டரை 16-ல் ஒரு பங்காகக் கட்டுவோம். 16 என்ற எண்ணுக்கு வர்க்கமூலம் 4 என்பதால் கணக்கு சுத்தமாக வரும். நீளம் இரண்டரை மீட்டர், இறக்கை விரிவு ஏறத்தாழ இரண்டு மீட்டர். எடை நீளத்தின் மும்மடியாகக் குறையும், அதாவது 4,096-ல் ஒரு பங்கு. முழுச் சுமை ஏற்றிய 70 டன் விமானம் 17 கிலோவாகச் சுருங்குகிறது. பால்சா, மெல்லிய பிளைவுட், ஃபைபர் கிளாஸ், எபாக்ஸி என்று கவனமாகக் கட்டினால் 12 கிலோவில் முடிக்கலாம். அது சுமார் 49 டன்னுக்கு ஈடு, அதாவது எரிபொருளைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டுத் திரும்பும் ஸீமாஸ்டர். அந்த எடையில் மாதிரி மணிக்கு 60 கி.மீ. அருகில் நீரை விட்டு எழும். நான்கால் பெருக்கினால் 240. பெரிய விமானத்துக்கும் பொருந்துகிற எண்தான்.

இதுவரை எல்லாம் அழகாக ஒத்துப்போகிறது. இனிமேல் ஒத்துப்போகாதவை.

முதலாவது, நீரின் மேற்பரப்பு இழுவிசை. சொட்டைச் சொட்டாகப் பிடித்துவைத்திருப்பதும் சிறு பூச்சியை நீர்மேல் நிற்கவைப்பதும் இந்த விசைதான். பெரிய விமானம் நீரைக் கிழிக்கும்போது இதற்கு எந்த மதிப்பும் இல்லை. நீர்த்திரை சட்டென்று உடைந்து நுண்துளிகளாகி, புகையைப் போல் பின்னால் போய்விடும். மாதிரியில், ஃப்ரூட் விதிப்படி வேகத்தைக் குறைத்துவிட்டதால், நீரின் வேகத்தோடு ஒப்பிட இந்த இழுவிசை 256 மடங்கு வலுவாகிவிடுகிறது. விளைவாக நீர் உடையாமல் தடித்த திரையாகவே எழுகிறது. எழுந்தது விமானத்தின் பக்கவாட்டைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. மேலே இருப்பதோ ஜெட் எஞ்சினின் வாய்.

இங்கேதான் புதிதாகக் கட்டுபவர் திகைப்பார். வரைபடத்தை மில்லிமீட்டர் பிசகாமல் பின்பற்றியிருப்பார். ஆனாலும் முதல் ஓட்டத்திலேயே எஞ்சின் நீரைக் குடிக்கும். காரணம், அடிப்பாகமும் பக்கச் சுவரும் சேரும் நீளவாட்டு விளிம்பு. ஃபைபர் கிளாஸ் துணியை அந்த விளிம்பின்மேல் மடக்கி ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்தபின் அது இரண்டு மில்லிமீட்டர் ஆரத்தில் உருண்டிருக்கும். கைக்கு வழவழப்பாக, கண்ணுக்கு அழகாக இருக்கும். நீருக்கோ அது மேலே ஏறுகிற பாதை. அந்த விளிம்பு கத்தியாக இருக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் கடைசியில் அங்கே மெல்லிய பிளைவுட் அல்லது பிளாஸ்டிக் பட்டை ஒன்றைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து ஒட்டுவார்கள். நீர்த்திரை அதில் பட்டுப் பக்கவாட்டில் தாழ்ந்து தெறிக்கும். மூல வரைபடத்தில் அந்தப் பட்டை இருக்காது. அளவுக்கு உண்மையாக இருப்பதா, நீருக்கு உண்மையாக இருப்பதா என்று கேட்டால் என் பதில் நீருக்குத்தான். நீரில் எழாத ஸீமாஸ்டர் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஸீமாஸ்டர் அல்ல.

இதே இழுவிசையும் நீரின் ஒட்டிக்கொள்ளும் குணமும் அடிப்பாகத்தில் இன்னொரு தொல்லையைத் தருகின்றன. குழாயில் ஓடும் நீரை ஒரு கரண்டியின் புடைத்த பக்கத்தால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நீர் கரண்டியைத் தள்ளிவிடாது, தன் பக்கம் இழுக்கும். வளைந்த பரப்பின்மேல் வேகமாக ஓடும் நீர் அழுத்தத்தைக் குறைத்து, அந்தப் பரப்பை உறிஞ்சுகிறது. விமானத்தின் அடிப்பாகமும் பின்புறமாக மேல்நோக்கி வளைகிறது. அது வளையாவிட்டால் மூக்கைத் தூக்க முடியாது. ஆனால் அந்த வளைவு விமானத்தை நீரோடு கட்டிப்போட்டுவிடும். எவ்வளவு உந்தினாலும் எழாது.

அதற்காகத்தான் பறக்கும் படகுகளின் வயிற்றில், எடைமையத்துக்குச் சற்றுப் பின்னால், ஒரு படி வெட்டப்பட்டிருக்கும். நீர் அந்தப் படியின் கூர்விளிம்பில் அறுபட்டுப் பிரிகிறது. பின்னால் காற்று புகுந்துகொள்கிறது. உறிஞ்சல் ஒழிகிறது. படியின் ஆழம் வழக்கமாக விமான வயிற்றின் அகலத்தில் 5 முதல் 9 விழுக்காடு. ஸீமாஸ்டரின் வயிறு ஒல்லியானது, நீளம் அகலத்தைப்போல் 15 மடங்கு. பழைய பறக்கும் படகுகள் கொழுத்தவை. ஒலியின் வேகத்தை நெருங்கப் பறப்பதற்காகவே இந்த மெலிவு. நம் மாதிரியில் அகலம் 17 செ.மீ. என்றால் படி ஒன்றிலிருந்து ஒன்றரை செ.மீ. வரை வரும். இங்கும் விளிம்பு கூராக இருந்தால்தான் வேலை செய்யும்.

வயிற்றில் படியே வேண்டாம் என்று துணிந்தவர்களும் உண்டு. கான்வேரின் ஸீடார்ட் 1953-ல் பறந்த முக்கோண இறக்கைப் போர் விமானம். அதன் அடியில் நீள்வாட்டில் இரண்டு சறுக்குப் பலகைகள் மடங்கியிருந்தன. வேகமெடுக்கும்போது அவை கீழே நீண்டு, விமானத்தையே நீருக்கு மேலே தூக்கிவிடும். 1954 ஆகஸ்டில் அது சற்றே சாய்ந்து கீழ்நோக்கிப் பாய்ந்தபோது ஒலியின் வேகத்தைத் தாண்டியது. கடல்விமானம் எதுவும் அதற்கு முன்போ பின்போ அதைச் செய்ததில்லை. பலகைகள் அலைகளில் மோதி விமானி தாங்க முடியாத அளவுக்கு அதிர்ந்தன என்பது மறுபக்கம். மாதிரிக்கு ஸீடார்ட் எளிது என்று பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முக்கோண இறக்கை, ஒற்றை வால், நேரான கட்டுமானம். எனக்கு ஸீமாஸ்டர்தான் பெரிய பள்ளிக்கூடமாகத் தோன்றுகிறது.

எஞ்சினுக்கு வருவோம். மாதிரி உலகில் ஜெட் என்று சொன்னால் இரண்டு பொருள். ஒன்று, குழாய்க்குள் சுழலும் மின்விசிறி. மோட்டாரும் லித்தியம் பாலிமர் பேட்டரியும் அதைச் சுழற்றும். மற்றொன்று உண்மையான டர்பைன்: மண்ணெண்ணெயில் ஐந்து விழுக்காடு அளவுக்கு எண்ணெய் கலந்து எரித்து, நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும் குட்டி எஞ்சின். ஜெர்மானியரான குர்ட் ஷ்ரெக்லிங் வீட்டுப் பட்டறையில் டர்பைன் கட்டும் வழியைக் காட்டியபோது, அதன் கம்ப்ரசர் சக்கரத்தைப் பிளைவுட்டில் செய்து, கார்பன் இழையால் வலுவேற்றினார். மரத்தால் ஆன ஜெட் எஞ்சின்! இந்தக் கலையின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் அது.

நீர்மேல் டர்பைன் இரண்டு விதத்தில் சங்கடப்படுத்தும். அதன் வெளியேறும் வாயு 500 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும். அந்தச் சூட்டில் தண்ணீர் வாரியடித்தால் உலோகம் திடீரெனக் குளிர்ந்து சுருங்கும். இரண்டாவது சங்கடம் பலருக்குத் தோன்றாதது. டர்பைன் சும்மா ஓடும்போதுகூடக் கொஞ்சம் உந்தும். தரையில் பிரேக் பிடிக்கலாம். நீரில் பிரேக் ஏது? எஞ்சினைக் கிளப்பிய நொடியிலிருந்து விமானம் நகரத் தொடங்கிவிடும், நிறுத்தும்வரை நிற்காது. பெரிய ஸீமாஸ்டருக்கும் இதே சிக்கல் இருந்தது. அதைக் கட்டியவர்கள் வயிற்றின் பின்கோடியில், இருபுறமும் விரியும் இரண்டு மடல்களை வைத்தார்கள். நீரில் ஒன்றை விரித்தால் திரும்பும், இரண்டையும் விரித்தால் நிற்கும். காற்றில் அவையே வேகத்தடை. ஒரே உறுப்பு, மூன்று வேலை.

சூட்டைப் பற்றி இன்னொன்று. முதல் ஸீமாஸ்டரில் எஞ்சின்கள் உடலை ஒட்டி இருந்ததால், முழு வேகத்தில் வெளிவந்த தீக்காற்று விமானத்தின் தோலையே கருக்கியது. அடுத்தடுத்த விமானங்களில் எஞ்சின்களைச் சற்று வெளிப்புறம் திருப்பி வைத்தார்கள். டர்பைன் வைத்து ஸீமாஸ்டர் கட்ட நினைப்பவர் முதல் விமானத்தின் வரைபடத்தை எடுத்தால், எபாக்ஸி உடலில் அதே கருகலை மறுபடி கண்டுபிடிப்பார்.

ஆகவே பெரும்பாலானோர் மின்விசிறிக்கே போகிறார்கள். 70 மி.மீ. விசிறிகள் நான்கு, ஒவ்வொன்றும் 22 வோல்ட்டில் 80 ஆம்பியர் இழுத்து இரண்டு கிலோ அளவுக்கு உந்தும். மொத்தம் 8 கிலோ உந்து, 12 கிலோ விமானத்துக்கு. பெரிய விமானத்தில் இந்த விகிதம் இதில் பாதிதான். மாதிரிக்கு ஏன் கூடுதல்? சிறிய உடலின்மேல் நீரும் காற்றும் உராய்வது, அளவோடு ஒப்பிட்டால் அதிகம். ஃப்ரூட்டுக்கே இது தெரியும். உராய்வை அவர் தனியாகக் கணக்கிட்டுக் கழித்தார். நாம் கழிக்க முடியாது, உந்திக் கடக்க வேண்டும். விசிறிக்கும் நீர் பகைதான். இதழ் நுனி நொடிக்கு 140 மீட்டருக்கு மேல் பாய்கிறது, காற்றைவிட 800 மடங்கு அடர்ந்த நீர் அதில் மோதினால் இதழ் முறியும். மோட்டார் நல்ல நீரில் நனைந்தால் பிழைக்கும். வேகக் கட்டுப்பாட்டுச் சுற்றும் ரிசீவரும் பிழைக்காது. உப்பு நீர் பேரிங்குகளைத் தின்றுவிடும். ரிசீவரின் ஆன்டெனாவை வாலின் உச்சிக்குக் கொண்டுபோவது நல்லது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் விழுங்கிவிடும் என்பதால்.

இப்போது ஓட்டம். எஞ்சின்கள் எடைமையத்துக்கு மேலே இருப்பதால், எஞ்சின் உந்தைக் கூட்டும் திராட்டிலைச் சட்டென்று தள்ளினால் உந்து விமானத்தின் மூக்கை நீருக்குள் அழுத்தும். புதிதாக ஓட்டுபவர்களின் விமானம் பெரும்பாலும் இங்கேதான் முடிகிறது. மூக்கை ஏற்றி இறக்கும் வால்மடலான எலிவேட்டரை முழுக்கப் பின்னால் இழுத்துப் பிடித்து, மெல்ல மெல்லத் திராட்டில் கொடுக்க வேண்டும். மூக்கு எழும், வால் தாழும், விமானம் தான் எழுப்பிய அலையின்மேலேயே ஏறத் திணறும். தடை உச்சம் தொடும் இடம் அது, எழும் வேகத்தின் பாதிக்கும் கீழே. அந்த மேட்டைத் தாண்டினால் விமானம் படியின்மேல் ஏறிச் சறுக்கத் தொடங்கும். தடை குறையும், வேகம் தானே கூடும். அப்போது எலிவேட்டரைத் தளர்த்த வேண்டும். தளர்த்தாவிட்டால் மூக்கு மேலும் கீழுமாகத் துள்ள ஆரம்பிக்கும், ஒவ்வொரு துள்ளலும் முந்தையதைவிடப் பெரிதாகும்.

இங்கே காலமும் சுருங்கிவிடுகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். பெரிய விமானம் 4 நொடியில் ஒருமுறை துள்ளினால் நம் மாதிரி நொடிக்கு ஒருமுறை துள்ளும். கரையில் நிற்பவரின் கை அதைத் துரத்தினால் எப்போதும் அரைத் துள்ளல் பின்தங்கியே இருக்கும், ஆட்டத்தைப் பெருக்கும். திராட்டிலைக் குறைத்து, கையை அசைக்காமல் பிடிப்பதே வழி.

காற்றும் அலையும் நமக்காகச் சிறிதாவதில்லை. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் வீசும் இதமான காற்று இந்த மாதிரிக்கு 60 கி.மீ. காற்று. ஏரியில் 5 செ.மீ. சிற்றலை அதற்கு 80 செ.மீ. அலை. மிதந்துவரும் குச்சிகூடப் பெரிய ஆபத்து. 1949-ல் பிரிட்டனின் சாண்டர்ஸ்-ரோ ஜெட் பறக்கும் படகு ஒன்று, நீரில் இறங்கும்போது மிதந்துகொண்டிருந்த ஏதோ ஒன்றில் மோதி மூழ்கியது. ஓட்டிய எரிக் பிரவுன் உயிர் தப்பினார். கட்டப்பட்ட மூன்றில் ஒன்று மட்டும் இன்றும் சவுதாம்ப்டன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 

வாலைப் பற்றிச் சொல்லாமல் ஸீமாஸ்டரை முடிக்க முடியாது. அது ஆங்கில டி எழுத்தைப் போல, செங்குத்து வாலின் உச்சியில் கிடைமட்ட வாலைத் தாங்கியது. நீர்த்தெறிப்பு எட்டாத உயரம். ஆனால் முதல் இரண்டு விமானங்களும் அந்த வாலின் கட்டுப்பாட்டுக் கோளாறால்தான் அழிந்தன. 1955 டிசம்பர் 7 அன்று முதலாவது காற்றிலேயே உடைந்து நால்வர் இறந்தனர். 1956 நவம்பரில் இரண்டாவதும் போனது. அதில் இருந்த நால்வரும் பாராசூட்டில் தப்பினர். வாலை இயக்கும் அமைப்பின் வலிமையைக் கணக்கிட்டதில் ஏற்பட்ட பிழை அதற்குப் பின்னால் இருந்தது. மாதிரியிலும் வாலின் உச்சிக்கு நீளமான, வளையக்கூடிய கம்பி வழியாக அசைவைக் கொண்டுபோவது தப்பு. வேகம் கூடும்போது கம்பி வளையும், வாலை அசைக்கும் குட்டி மோட்டாரான செர்வோ இழுப்பது ஒன்றாகவும் வால் திரும்புவது வேறாகவும் இருக்கும். வலுவான செர்வோவைச் செங்குத்து வாலுக்குள்ளேயே, உச்சிக்கு அருகில் பொருத்தி, குட்டையான கம்பியால் இணைக்க வேண்டும். அதனால் பின்புறம் கூடும் எடையை மூக்கில் பேட்டரியை முன்தள்ளிச் சமன்செய்யலாம்.

பறந்து முடிந்தபின், ஓட்டம் சரியாக இருந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எழுந்துவிட்டது என்பது போதாது, உந்து மிகுந்தால் எதுவும் எழும். நொடிக்கு 120 படம் எடுக்கும் சாதாரணக் கைபேசி ஒன்றால் கரையிலிருந்து பக்கவாட்டில் படம்பிடித்து, நொடிக்கு 30 படமாக ஓடவிடுங்கள். நான்கு மடங்கு மெதுவாகும். 16-ன் வர்க்கமூலம் 4. சுருங்கிய காலம் அப்படியே விரிந்து பெரிய விமானத்தின் காலமாகிவிடும். கடல் போர்க் காட்சிகளைச் சிறிய கப்பல்களை வைத்து எடுத்த சினிமாக்காரர்கள் இதே வர்க்கமூலக் கணக்கில்தான் கேமராவை வேகமாக ஓட்டினார்கள். 1950-களில் செஸபீக் விரிகுடாவில் எடுத்த ஸீமாஸ்டர் படச்சுருள்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து, மேட்டைத் தாண்டும் கணத்தில் நிறுத்தி, மூக்கு நீரோடு செய்யும் கோணத்தை அளக்கலாம். நீளம், எடை, வேகம், காலம் எல்லாம் அளவோடு மாறும், கோணம் மாறாது. மாதிரியின் மூக்கு ஓரிரு டிகிரி கூடுதலாக நின்றால் எடைமையம் பின்னால் இருக்கிறது, அல்லது படி முன்னால் இருக்கிறது. முதலில் பேட்டரியை நகர்த்திப் பார்க்க வேண்டும், அது ஐந்து நிமிட வேலை. படியை நகர்த்துவதென்றால் வயிற்றை அறுக்க வேண்டும்.